பிள்ளையின் பக்கத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் பெண் என் வீட்டுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவருக்குக் குருகிராமில் வேலை. தில்லிக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. கையில் நாலாம் வகுப்பு படிக்கும் மகளின் முன்னேற்ற அட்டை. அட்டை என்று பெயரே தவிர, அது ஒரு சிறு புத்தகம் போல் இருந்தது.

"டீச்சர், இந்த ஒரு பக்கத்தை மட்டும் நீங்களே நல்லா எழுதிக் கொடுத்துருங்க. நாளைக்குக் குடுக்கணும். அவளை எழுத விட்டா ஏதாவது எழுதி வைக்கா. ஸ்கூல்ல குறைவா நெனச்சிருவாங்க" என்றாள்.

பக்கத்தைப் பார்த்தேன். 'என்னைப் பற்றி' என்று தலைப்பு. எனக்கு நன்றாக வருவது எது, எதில் எனக்கு உதவி தேவை, வகுப்பில் இருக்கும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சில கேள்விகள். கீழே பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. எழுதியவள் மகள். அழித்தவள் தாய்.

இதே தலைநகரில் ஒரு தனியார் பள்ளியில் 32 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவள் நான். அந்த அழித்த தடம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நம் சங்கத்து அன்பர்களிடம் இதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. காரணம், இந்த விஷயத்தில் நானே ஒரு தவறு செய்தவள்.

அட்டை மாறிய கதை

நாம் படித்த காலத்தில் மதிப்பெண் அட்டை ஒரே ஒரு மடிப்புத்தான். பாடம், மதிப்பெண், வருகை நாள், கடைசியில் 'நடத்தை: நன்று'. அப்பா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அந்த அட்டையை மாற்றச் சொன்னது. ஆசிரியரின் மதிப்பீட்டோடு, பிள்ளை தன்னைத்தானே மதிப்பிடுவதும், உடன் படிக்கும் பிள்ளைகள் மதிப்பிடுவதும் அட்டையில் இடம்பெற வேண்டும் என்பது அதன் கருத்து. என்.சி.இ.ஆர்.டி.யின் அங்கமாக 2023-இல் அமைக்கப்பட்ட 'பரக்' என்னும் மதிப்பீட்டு மையம், வகுப்பு நிலைகளுக்கு ஏற்ப இதற்கான படிவங்களை உருவாக்கியது. 'ஹோலிஸ்டிக் ப்ராக்ரஸ் கார்டு' என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பெற்றோர் எழுதுவதற்கும் அதில் இடம் உண்டு.

இது முதல் முயற்சி அன்று. சி.பி.எஸ்.இ. 2009-இல் கொண்டுவந்து 2017-இல் விலக்கிக்கொண்ட 'சி.சி.இ.' முறையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதில் பாடங்களோடு பத்து வாழ்க்கைத் திறன்களையும் வகுப்பாசிரியர் பார்த்துத் தரம் இட வேண்டும். தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், தெளிவாகப் பேசுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல் என்று பட்டியல் நீளும். அதே அட்டையில் பிள்ளை தன் குறிக்கோளையும், தன் பலத்தையும், தன் விருப்பங்களையும் எழுதுவதற்கு இடம் இருந்தது. ஆக, ஒரே தாளில் இரண்டு குரல்கள். ஒன்று ஆசிரியருடையது, மற்றொன்று பிள்ளையுடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் படிக்கவில்லை.

நான் செய்த தவறு

2012-ஆம் ஆண்டு. ஆறாம் வகுப்பில் 44 பிள்ளைகளுக்கு நான் வகுப்பாசிரியை. அவர்களில் ஒருவன் தமிழ்ப் பையன். தந்தை மத்திய அரசுப் பணியில் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. வகுப்பில் பையன் வாயே திறக்க மாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் கணக்கு நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்குள் நான் அவனிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசியதில்லை. "மதராசி டீச்சர் மதராசிப் பையனுக்குச் சலுகை காட்டுகிறார்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். மற்றப் பிள்ளைகளிடம் பேசுவது போலவே இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் பேசினேன். அதுதான் நியாயம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஆண்டு இறுதியில் அட்டை எழுதும் வாரம் வந்தது. ஒவ்வொரு திறனுக்கும் எழுத வேண்டிய வாக்கியங்கள் ஆயத்தமாக எங்களிடம் இருந்தன. பிள்ளைக்குப் பொருத்தமானதைப் பார்த்து எடுத்து எழுத வேண்டியதுதான். இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பையனின் பெயருக்கு எதிரே, 'கூச்ச சுபாவம் உள்ளவன், தன்னம்பிக்கை குறைவு, வளர்த்துக்கொள்ள வேண்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினேன். 'என் பலம்' என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது வேறு: 'கணக்கு புரியாதவர்களுக்கு நான் புரியும்படி சொல்லித் தருவேன்.' படித்துவிட்டு எனக்குள் சிரித்துக்கொண்டேன். வகுப்பில் வாய் திறக்காதவனா சொல்லித் தருகிறான்? அம்மா எழுதிக் கொடுத்திருப்பாள் என்று முடிவு கட்டி அட்டையை மூடிவிட்டேன்.

அடுத்த மாதம் தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்கு ஒத்திகை. நான் கூடத்துக்குள் நுழையும்போது, மேடைக்குப் பின்புறம் ஏழெட்டுச் சிறு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒருவன் உரத்த குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம். "இது ஒரு தோசை. நாலு பேருக்கு வெட்டுறோம். ஒருத்தனுக்கு எவ்வளவு? இப்ப ரெண்டு பேரு பங்கைச் சேர்த்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கவனிக்காத ஒரு பொடியனை அதட்டவும் செய்தான். என் வகுப்புப் பையன்தான். பின்னத்தை அவ்வளவு தெளிவாக நான் என் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை.

அவன் எழுதியது உண்மை. நான் எழுதியதுதான் பாதி உண்மை. போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அட்டை ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தது.

மறு ஆண்டு, ஏழாம் வகுப்பு ஆசிரியை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுடையதை வாங்கிப் பார்த்தேன். 'என் பலம்' என்ற இடத்தில், 'நான் கூச்ச சுபாவம் உள்ளவன். தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டும்' என்று இருந்தது. என்னுடைய அதே ஆங்கில வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை.

அவன் இப்போது புனேயில் நல்ல வேலையில் இருப்பதாகக் கேள்வி. மகிழ்ச்சிதான். ஆனால் அதனால் என் தவறு சரியாகிவிடாது.

அளப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பி.எட். படித்தபோது தேர்வுக்காக உருப்போட்ட பாடம். இப்போது அதன் பொருள் புரிந்தது.

பிள்ளை தன்னைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் கருத்தைக் கல்வி உளவியலில் 'தற்கருத்து' என்பார்கள். அது ஒற்றை எண் அன்று. படிப்பில் நான் எப்படி, நண்பர்களிடம் எப்படி, விளையாட்டில் எப்படி, தோற்றத்தில் எப்படி என்று பல பிரிவுகள் கொண்டது என்று ஷாவல்சன் முதலானோர் 1976-இல் விளக்கினார்கள். நம் நாட்டிலும் இதற்கு அளவுகோல்கள் உண்டு. ராஜ்குமார் சரஸ்வத் உருவாக்கிய வினாத்தாளில் 48 வினாக்கள். உடல், சமூகம், மனப்பாங்கு, கல்வி, ஒழுக்கம், அறிவு என்று ஆறு பிரிவுகள். பிள்ளைகளுக்கென்று அலுவாலியா தயாரித்த அளவுகோலில் 80 வாக்கியங்கள். அவற்றில் 14 வாக்கியங்கள், பிள்ளை உண்மையைச் சொல்கிறதா அல்லது நல்ல பெயருக்காகச் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்பட்டவை.

அமெரிக்க உளவியலாளர் கூப்பர்ஸ்மித் 1967-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள 85 சிறுவர்களை அவர் விரிவாக ஆராய்ந்தார். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு அளவுகளைக் கையில் வைத்திருந்தார். ஒன்று, சிறுவன் தன்னைப் பற்றிச் சொன்னது. மற்றொன்று, ஆசிரியர் அவன் நடத்தையைப் பார்த்து இட்ட மதிப்பு. இரண்டும் ஒத்துப்போன சிறுவர்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தன்னை உயர்வாகச் சொல்லியும் ஆசிரியர் தாழ்வாக மதித்தவர்கள், ஆசிரியர் உயர்வாக மதித்தும் தன்னைத் தாழ்வாகச் சொன்னவர்கள் ஆகியோரையும் தனித்தனிக் குழுவாக வைத்து ஆராய்ந்தார். முரண்பாட்டைத் தவறு என்று தள்ளவில்லை. அதுவும் பார்க்க வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொண்டார்.

டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஹார்ட்டர் 1985-இல் வெளியிட்ட அளவுகோல் இன்னும் நுட்பமானது. "நீ நன்றாகப் படிப்பாயா?" என்று நேராகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஆமாம்" என்றுதான் சொல்லும். அதனால் அவர் இரண்டு வகைப் பிள்ளைகளைச் சொல்லிக் கேட்கிறார். அந்த அமைப்பில் நானே ஓர் உதாரணம் தருகிறேன்: சில பிள்ளைகள் கணக்கைச் சீக்கிரம் போட்டுவிடுகிறார்கள், வேறு சில பிள்ளைகளுக்கு நேரம் ஆகிறது, நீ யாரைப் போல? அது உனக்கு முழுக்கப் பொருந்துமா, ஓரளவுதான் பொருந்துமா? இப்படிக் கேட்டால் எந்தப் பக்கம் சொன்னாலும் வெட்கம் இல்லை. தன்னைப் போல வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்ற தைரியம் வருகிறது.

அதில் 36 வினாக்கள். படிப்பு, நட்பு, விளையாட்டு, தோற்றம், நடத்தை என்று ஐந்து பிரிவுகள். ஆறாவது, மொத்தத்தில் தன் மீது தனக்கு உள்ள மதிப்பு. ஆசிரியர் நிரப்புவதற்கும் ஒரு தனிப் படிவம் உண்டு. அதில் 15 வினாக்கள். முதல் ஐந்து பிரிவுகள் பற்றி மட்டுமே அதில் கேட்கிறார்கள். ஆறாவதைப் பற்றி ஆசிரியரிடம் கேட்பதே இல்லை. அது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லக் கூடியது அன்று. பிள்ளை மட்டுமே சொல்ல முடியும். நானோ, அந்த ஆறாவதற்குத்தான் இரவு பதினொரு மணிக்கு ஒரு வரியில் தீர்ப்பு எழுதினேன்.

ஆசிரியரும் பிள்ளையும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்? பிள்ளைகளின் நடத்தை, மனச் சிக்கல்கள் பற்றி 119 ஆய்வுகளைத் தொகுத்து ஆக்கன்பாக்கும் அவர் குழுவினரும் 1987-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். முழு ஒற்றுமைக்கு 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருந்து பார்ப்பவர்களிடையே சராசரி 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வேறு வேறு இடத்தில் பார்ப்பவர்களிடையே 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர் அதைப் பற்றிச் சொல்வதற்கும் 0.22 தான். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை இடத்துக்கு இடம் வேறு விதமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற இந்தச் செய்தி, வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்குப் பல மடங்கு பொருந்தும். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் வேறு வேறு இடங்கள். நம் பிள்ளைக்கு அவை வேறு வேறு மொழிகளும்கூட. வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கிய பிள்ளை, பள்ளியில் ஊமை என்று பெயர் வாங்குவதை நாம் பார்க்கிறோம். ஆசிரியர் பார்ப்பது மொழித் தயக்கத்தை. எழுதுவது குணத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் தங்களை மற்றவர்களோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. தங்கள் ஒரு பாடத்தைத் தங்கள் இன்னொரு பாடத்தோடும் ஒப்பிடுகிறார்கள் என்று ஹெர்பர்ட் மார்ஷ் 1986-இல் எடுத்துக் காட்டினார். கணக்கில் 92, இந்தியில் 68 வாங்கும் நம் பிள்ளையைப் பாருங்கள். வகுப்புச் சராசரியைப் பார்த்தால் இந்தியிலும் அவள் மோசமில்லை. ஆனால் தன் 92-க்கு முன்னால் அந்த 68-ஐ வைத்துப் பார்த்து, "எனக்கு இந்தி வராது" என்று தீர்மானித்துவிடுகிறாள். கொஞ்ச நாளில் "எனக்குப் பேச வராது" என்று ஆகிவிடுகிறது. அதே மார்ஷ் சொன்ன மற்றொன்று: ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், மிகக் கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் படிப்பைப் பற்றிக் குறைவாகவே நினைக்கிறது. கடன் வாங்கியாவது பெரிய பள்ளியில் சேர்க்கத் துடிக்கும் நாம் இதையும் கொஞ்சம் மனத்தில் வைக்க வேண்டும்.

மாற்றல் என்பது நம் வாழ்க்கையில் ஒன்று. பணியிட மாற்றம் மட்டும் அன்று. 2025 ஜூன் மாதம் ஜங்புரா அருகே மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அது நகரின் வட கோடியில் உள்ள நரேலாவில்தான். வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் மக்கள் அவர்கள். இப்படி இடம் பெயரும்போது பிள்ளைக்குப் புதுப் பள்ளி, புது ஆசிரியர். அந்த ஆசிரியர் பிள்ளையைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பழைய அட்டையைப் பார்த்துவிடுவார். அதில் பிள்ளையின் குரலும் இருக்க வேண்டாமா?

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. ஐந்து ஆறு வயதுப் பிள்ளை எல்லாவற்றிலும் தானே முதல் என்று சொல்லும். எட்டு வயதுக்கு மேல்தான் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன்னை ஓரளவு சரியாகப் பார்க்கத் தொடங்கும். அப்போதும் சில பிள்ளைகள் தங்களை ஏற்றிச் சொல்லும், சில குறைத்துச் சொல்லும். அதனால்தான் ஆசிரியரின் மதிப்பீடும் வேண்டும் என்கிறேன். பிள்ளை சொல்வதே வேதம் என்பது என் வாதமில்லை.

பிள்ளைகளைப் புகழ்ந்து தன்மதிப்பை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1986-இல் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்துப் பெரிதாகப் பேசியது. பின்னால் 2003-இல் பாமைஸ்டர் முதலானோர் ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, தன்மதிப்பை ஏற்றிவிட்டதால் மதிப்பெண் உயர்ந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. நன்றாகப் படித்ததால் தன்மதிப்பு உயர்கிறது என்பதே கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே பொய்ப் புகழ்ச்சி வேண்டாம். உண்மையைக் கேட்டு, உண்மையை எழுதினால் போதும்.

என் வேண்டுகோள்

பெற்றோருக்கு முதலாவது வேண்டுகோள்: பிள்ளையின் பக்கத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். நாம் எழுதிக் கொடுத்தால், "உன்னைப் பற்றி நீ நினைப்பது போதாது, நான் எழுதுவதுதான் அழகு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததாகும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பேச விடுங்கள். சொன்னதை ஆங்கிலத்தில் எழுத மட்டும் உதவுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது: ஆசிரியர் எழுதியதையும் பிள்ளை எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எங்கே இரண்டும் மாறுபடுகின்றனவோ அங்கே விரலை வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் "ஏன் 'பி' கொடுத்தீர்கள்?" என்று சண்டை போட வேண்டாம். "இந்த ஒரு விஷயத்தில் அவள் ஒன்று சொல்கிறாள், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்தது என்ன?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்வியை மதிப்பார்.

மூன்றாவது: பெற்றோருக்கான இடத்தில் 'நல்ல பிள்ளை' என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். சங்க விழாவில் தொகுத்து வழங்கியது, ஞாயிறு தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது, கோலாட்டம் கற்றுக் கொடுத்தது என்று பள்ளி பார்க்காத எதையாவது இரண்டு வரியில் எழுதுங்கள். 2012-இல் அந்தப் பையனின் வீட்டார் அப்படி ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் நான் விழித்துக்கொண்டிருப்பேன்.

நம்மில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பார்த்ததை எழுதுங்கள், பிள்ளை இப்படிப்பட்டவன் என்று முத்திரை குத்தாதீர்கள். 'கூச்ச சுபாவம் உள்ளவன்' என்பது முத்திரை. 'இந்தியில் கேட்டால் பதில் சொல்லத் தயங்குகிறான்; நோட்டில் சரியாக எழுதுகிறான்' என்பது பார்த்தது. முதல் வாக்கியத்தைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமக்கும். இரண்டாவது வாக்கியத்தைப் படித்தால் அடுத்த ஆசிரியருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பள்ளிகளும் பிள்ளையின் தன்மதிப்பீட்டைக் கூட்டிக் கழித்து மதிப்பெண் ஆக்காமல் இருக்க வேண்டும். மதிப்பெண் உண்டு என்று தெரிந்த அன்றே பிள்ளை உண்மை சொல்வதை நிறுத்திவிடும்.

மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். மகளைக் கூப்பிட்டு, அழிப்பதற்கு முன் என்ன எழுதியிருந்தாய் என்று தமிழில் கேட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எனக்குத் தெரியும்னு எழுதினேன். மேம் வேகமா இந்தியில பேசினா பாதி புரியாது, அப்ப சிரிச்சிருவேன்னு எழுதினேன்."

அட்டையின் முந்தைய பருவப் பக்கத்தைப் புரட்டினேன். ஆசிரியை எழுதியிருந்தார்: 'வகுப்பில் கவனம் இல்லை, காரணமின்றிச் சிரிக்கிறாள்.'

தாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தி புரியலன்னு தெரிஞ்சா கேவலமா நெனைப்பாங்கன்னுதான் அழிச்சேன் டீச்சர்" என்றாள். பிறகு அவளே பென்சிலை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

நாம் நல்லெண்ணத்தோடுதான் அழிக்கிறோம். ஆனால் நாம் அழிக்கும் அந்த ஒரு வரியில்தான் ஆசிரியர் தேடும் விடை இருக்கிறது. அடுத்த முறை அட்டை வீட்டுக்கு வரும்போது, அன்பு கூர்ந்து ரப்பரைக் கீழே வையுங்கள்.